முதியோர் குடியிருப்பில் வீடு வாங்கி வாடகைக்கு விடுவது: பெரம்பூரிலிருந்து கேட்டவருக்கு

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். பெரம்பூரில் சொந்த வீடு, கீழே இரண்டு போர்ஷன் வாடகைக்கு. ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் இன்னும் நாலு வருஷ சர்வீஸ் பாக்கி. கோவைப் பக்கம் முதியோர் குடியிருப்பு ஒன்றில் இப்போதே வீடு வாங்கிப் போட்டு, நீங்களும் மனைவியும் போய்ச் சேரும்வரை வாடகைக்கு விட்டால் அந்த வாடகை கடன் தவணைக்குக் கை கொடுக்குமா, வீட்டை மகன் பெயரில் எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இது முதலீட்டுக் கேள்வி. ஆனால் போர்ஷன் விட்டு, மாதம் அஞ்சாம் தேதி வாடகை வாங்கிப் பழகிய கைக்கு இந்த வீடும் அடங்குமா என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது என்று எனக்குப் படுகிறது. அடங்காது. அப்படியும் வாங்கலாமா என்றால், வாங்கலாம்; ஆனால் வாடகையை நம்பி வாங்கக் கூடாது. காரணத்தைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

நான் ராயபுரத்தில் 28 வருஷமாகப் பத்திரம் எழுதுகிறவன். வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, செம்பியம் என்று இந்தப் பக்கத்து விற்பனைப் பத்திரமும் வாடகை ஒப்பந்தமும் எத்தனையோ என் கை வழியாகப் போயிருக்கின்றன. 2013-இல் அம்மாவுக்காகக் கோவைக்கு வெளியே ஒரு முதியோர் குடியிருப்பில் ஒற்றைப் படுக்கையறை வீடு வாங்கினேன். அம்மா நாலரை வருஷம் இருந்தார். அவர் போன பிறகு அந்த வீட்டை வாடகைக்கு விட்டு வருகிறேன். வக்கீல் இல்லை, ஆடிட்டரும் இல்லை. சட்டத்தைப் பத்திரக்காரன் கண்ணிலும் மற்றதை வீட்டுக்காரன் கண்ணிலும் பார்த்துச் சொல்கிறேன். கையெழுத்துப் போடும் முன் ஒரு வக்கீலிடம் காகிதங்களைக் காட்டிவிடுங்கள்.

முதலில், குடியிருப்பு நடத்துகிறவர்கள் உங்களுக்கு விற்பது என்ன என்று பாருங்கள். விளம்பரத்தில் எல்லாமே 'வீடு' என்றுதான் இருக்கும். ஆனால் இரண்டு வகை உண்டு. ஒன்று, நிலத்தில் பிரிபடாத பாகத்தோடு, அதாவது மொத்த மனையில் உங்களுக்கென்று ஒரு பங்கோடு, விற்பனைப் பத்திரம் போட்டுத் தருவது. இன்னொன்று, ஒரு பெருந்தொகையை டெபாசிட்டாக வாங்கிக்கொண்டு ஆயுள்வரை குடியிருக்க விடுவது. நீங்கள் போன பிறகு ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்புவார்கள். நம் பக்கத்து ஆளுக்கு இதைப் புரியவைப்பது சுலபம்: இரண்டாவது வகை நம்ம ஊர் போகியம்தான். எட்டு லட்சம் கொடுத்து மூணு வருஷம் வாடகையில்லாமல் இருக்கிறோமே, அந்த 'லீஸ்', ஆயுளுக்கு நீட்டியது. போகியத்துக்கு வந்தவர் அந்த வீட்டை இன்னொருவருக்கு வாடகைக்கு விட முடியுமா? வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்தால் ஒழிய முடியாது. இங்கேயும் அதேதான். டெபாசிட் வகையாக இருந்தால் உங்கள் திட்டம் அங்கேயே முடிந்தது. வங்கி வீட்டுக் கடனும் கிடைக்காது, அடமானம் வைக்க உங்களிடம் சொத்து இல்லையே.

விற்பனைப் பத்திரம் என்றால் வழக்கமான பரிசோதனைகள்தான், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, பிரிபடாத பாகம் எத்தனை சதுர அடி, கட்டி முடித்ததற்கான சான்றிதழ். கட்டிக்கொண்டிருக்கும் திட்டம் என்றால் தமிழ்நாடு ரெராவில், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில், பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். 2016-ஆம் வருஷத்து அந்தச் சட்டப்படி, ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. அந்தக் கட்டத்தில் வாங்கினால் பொதுவாக 5 சதவீத ஜி.எஸ்.டி. சேரும், முடிவுச் சான்றிதழ் வந்த வீட்டுக்குக் கிடையாது. மறுவிற்பனை வீடு என்றால் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். முதியோர் குடியிருப்புகளில் மறுவிற்பனை வீடு அடிக்கடி வரும், காரணம் சொல்லவே வேண்டாம். நான் வாங்கியதும் அப்படி ஒன்றுதான். ஓடிக்கொண்டிருக்கும் சமையலறையைப் பார்த்து, சாப்பிட்டுப் பார்த்து வாங்கலாம் என்பது அதில் இருக்கும் லாபம்.

அடுத்தது வயசு. பெரும்பாலான இடங்களில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம், ஆனால் குடியிருக்க 55 வயது நிரம்பியிருக்க வேண்டும். சில இடங்களில் 50, சில இடங்களில் 60. தம்பதியில் ஒருவருக்கு வயது வந்தால் போதும் என்றும் இருக்கும். வாடகைக்கு வருபவருக்கும் அதே விதி. அதோடு நிர்வாகம் அவரைப் பார்த்துப் பேசி, மருத்துவ அறிக்கை வாங்கி, சரி என்று சொன்னால்தான் உள்ளே வரலாம். கேட்டில் 'டு லெட்' போர்டு மாட்டுவது, தெருமுனைப் புரோக்கரிடம் சாவி கொடுத்து வைப்பது எல்லாம் அங்கே நடக்காது. வாடகைக்காரர் அநேகமாக நிர்வாக அலுவலகம் வழியாகத்தான் வருவார். அவர்களிடமே விற்காத சொந்த வீடுகள் நாலு காலியாக இருந்தால், கேட்டு வருபவருக்கு முதலில் யாருடைய வீட்டைக் காட்டுவார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

'என் வீடு, யாருக்கு விடுவது என்று இவர்கள் யார் சொல்ல' என்று கோபம் வரலாம். சட்டத்தில் இது கொஞ்சம் மங்கலான இடம்தான். சொத்தை விற்கவே முடியாதபடி போடும் நிபந்தனை செல்லாது என்று சொத்து மாற்றுச் சட்டம் சொல்கிறது. அதே சமயம், குஜராத்தில் பார்சிகளுக்கான ஒரு கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் தன் உறுப்பினர்களை அந்தச் சமூகத்தோடு நிறுத்திக்கொண்டது செல்லும் என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தெரிந்தே கையெழுத்துப் போட்டுச் சேர்ந்த சங்க விதியை லேசில் தூக்கி எறிய முடியாது என்றுதான் நான் அதை வாசிக்கிறேன். கூட்டுறவுச் சங்கத்துத் தீர்ப்பு தனியார் முதியோர் குடியிருப்புக்கு அப்படியே பொருந்துமா என்பதில் வக்கீல்களே இரண்டு விதமாகப் பேசுவார்கள். நீங்கள் கோர்ட்டுக்குப் போகப் போவதில்லை என்று வைத்துக்கொண்டால், விதி நிற்கும் என்று நினைத்தே கணக்குப் போடுங்கள். மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019-இல் முதியோர் வீடுகளுக்கென்று மாதிரி வழிகாட்டுதல் ஒன்றை வெளியிட்டது. வழுக்காத தரை, கழிவறைக் கைப்பிடி முதற்கொண்டு அதில் இருக்கிறது. ஆனால் அது வழிகாட்டுதல்தான். உங்களுக்கும் நிர்வாகத்துக்கும் இடையே போடும் சேவை ஒப்பந்தம்தான் அன்றாடத்தில் சட்டம். விற்பனைப் பத்திரத்தைப் பத்து முறை படிப்பவர்கள் அதை ஒரு முறைகூடப் புரட்டுவதில்லை. வாடகைக்கு விடுவது பற்றிய விதி அதில்தான் ஒளிந்திருக்கும்.

இப்போது காசுக்கு வருவோம். பெரம்பூரில் ஒரு போர்ஷனுக்கு வருகிறவர் ஸ்டேஷன் எவ்வளவு தூரம், தண்ணீர் வருமா, கரன்ட் யூனிட் எவ்வளவு என்று கேட்பார். முதியோர் குடியிருப்புக்கு வருகிறவர் முதலில் போய் நிற்பது சாப்பாட்டுக் கூடத்தில். ரசம் எப்படி இருக்கிறது, ராத்திரி நர்ஸ் இருப்பாரா, கூப்பிட்டால் ஆம்புலன்ஸ் எத்தனை நிமிஷத்தில் வரும். அதற்குப் பிறகுதான் உங்கள் வீட்டுக் கதவையே திறந்து பார்ப்பார். அவர் தரும் காசில் பெரும்பகுதி அந்தச் சேவைக்குத்தான். உங்கள் நாலு சுவருக்கு வருவது அதில் மிச்சம்.

என் வீட்டுக் கணக்கையே சொல்கிறேன். 620 சதுர அடி. வாடகை 14,000. பராமரிப்பு 6,200, அதற்கு மேல் ஜி.எஸ்.டி. சாப்பாட்டுக் காசு ஆளுக்கு இவ்வளவு என்று தனி. வாடகைக்காரர் இருக்கும்போது பராமரிப்பும் சாப்பாடும் அவர் கணக்கு. வீடு காலியானால் பராமரிப்பு என் தலையில். ஒரு வருஷம் ஏழு மாதம் காலியாகக் கிடந்தது. வராத வாடகை 98,000 என்பதோடு முடியவில்லை, பூட்டிய வீட்டுக்குப் பராமரிப்பு என்று, ஜி.எஸ்.டி. சேர்க்காமலே, 43,400 நானே கட்டினேன். மீதி அஞ்சு மாதத்தில் வந்த 70,000-இல் அதைக் கழித்தால் 26,600. அதிலிருந்துதான் சொத்துவரி, வெள்ளையடிப்பு. பெரம்பூரில் போர்ஷன் காலியானால் வருமானம் நின்றுபோகும், அவ்வளவுதான். இங்கே காலி வீடு கையைக் கடிக்கும். அந்த ஏழு மாதம் ஏன் காலியாக இருந்தது தெரியுமா? என் வீட்டில் ஒரு குறையும் இல்லை. சமையல் ஒப்பந்தம் கை மாறி, சாப்பாடு கெட்டுப்போயிருந்தது. பார்க்க வந்தவர்கள் மத்தியானச் சாப்பாட்டோடு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்கள். ராயபுரத்தில் உட்கார்ந்துகொண்டு அங்கே உள்ள சாம்பாரை நான் என்ன செய்ய முடியும்?

உங்கள் தவணைக்கு வருவோம். 40 லட்சம் கடன், பத்து வருஷம், எட்டரை சதவீத வட்டி என்று வைத்தால் மாதத் தவணை சுமார் 49,600. உங்கள் வயதுக்கு அதைவிட நீண்ட கடன் கிடைப்பது கஷ்டம். இரட்டைப் படுக்கையறை வீட்டுக்கு மாதம் 20,000 வாடகை வருகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் பாதிகூடத் தேறவில்லை. வாடகையே வராவிட்டாலும் இந்தத் தவணையைக் கட்ட முடியும், ஓய்வு பெற்ற பிறகும் முடியும் என்றால் மட்டும் மேலே யோசியுங்கள்.

பராமரிப்பில் இன்னொரு நுணுக்கம். குடியிருப்போர் சங்கமே நடத்தினால் ஒரு வீட்டுக்கு மாதம் 7,500 ரூபாய் வரை ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. கம்பெனி நடத்தினால் அந்த விலக்கு கிடையாது, 18 சதவீதம். வருமான வரியில், நீங்கள் கட்டும் சொத்துவரியை வாடகையில் கழித்து, மீதியில் 30 சதவீதம் தள்ளுபடி. அவ்வளவுதான்; பராமரிப்பைத் தனியாகக் கழிக்க முடியாது. அதனால் பராமரிப்பை வாடகைக்காரர் நேராக நிர்வாகத்துக்கே கட்டுவதாக ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள், உங்கள் கை வழியாக வரவேண்டாம். கடன் வட்டியை வாடகை வருமானத்தில் கழிக்கலாம். ஆனால் புதிய வரி முறையில் இருந்தால், அதில் வரும் நஷ்டத்தைச் சம்பளத்திலோ பென்ஷனிலோ ஈடுகட்ட முடியாது. பின்னால் பெரம்பூர் வீட்டை விற்று அந்தப் பணத்தில் கோவை வீடு வாங்குவதாக யோசனை மாறினால், விற்பதற்கு ஒரு வருஷம் முன்போ விற்ற இரண்டு வருஷத்துக்குள்ளோ வாங்கினால் லாப வரி விலக்கு கேட்கலாம். புது வீட்டை வாடகைக்கு விட்டாலும் அந்த விலக்கு போகாது, மூணு வருஷத்துக்குள் விற்றால்தான் போகும். தேதிகளை ஆடிட்டரோடு உட்கார்ந்து பாருங்கள்.

எல்லாவற்றையும்விட நீங்கள் யோசிக்க வேண்டியது, நாலு வருஷம் கழித்து வீடு உங்கள் கைக்குத் திரும்பி வருவதை. எனக்கு முதலில் வந்த வாடகைக்காரர் கடலூர்ப் பக்கத்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மனைவியோடு வந்தார். சாமான் என்று பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு மர ஊஞ்சல் மட்டும் லாரியில் வந்தது. கொக்கி அடிக்கலாமா என்று கேட்டார், சரி என்றேன். இரண்டாம் வருஷம் அந்த அம்மா அந்த வீட்டிலேயே தவறிப்போனார். அப்போது நான் வீட்டை விற்கும் யோசனையில் இருந்தேன், ஒப்பந்தமும் முடியும் சமயம். பேசிவிட்டு வரலாம் என்று சேரன் எக்ஸ்பிரஸில் ஏறிப் போனேன். மனுஷன் ஊஞ்சலில் ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு. 'தம்பி, காபி சொல்லட்டுமா' என்றார். காபி குடித்துவிட்டு, இன்னும் பதினோரு மாதத்துக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன். அப்புறம் மூணு வருஷம் இருந்தார்.

சட்டப்படி என் பக்கம் பலமாகத்தான் இருந்தது. 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புது வாடகைச் சட்டத்தில் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் கட்டாயம், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும், முன்பணத்துக்கு மூணு மாத வாடகை என்பதே பொது அளவு. வாய்ப்பேச்சில் போர்ஷன் விடும் நம்ம பக்கப் பழக்கம் அங்கே உதவாது. ஒப்பந்தத்தில் காலம் தெளிவாக இருந்தால் காலி செய்யச் சொல்லும் உரிமை இருக்கிறது. ஆனால் 80 வயதில் தனியாக இருப்பவரிடம், பழகிய நர்ஸையும் பக்கத்து வீட்டுச் சீட்டாட்டக் கூட்டாளியையும் விட்டுவிட்டுக் கிளம்புங்கள் என்று சொல்ல உங்களுக்கு வாய் வருமா என்று பாருங்கள். எனக்கு வரவில்லை. ஆகையால், நீங்கள் குடிபோகப் போகும் வீடு இதுதான் என்றால் வருகிறவரிடம் முதல் நாளே தேதியைச் சொல்லி, ஒப்பந்தத்திலும் எழுதி, அவர் பிள்ளைகளில் ஒருவரையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். உடம்பு படுத்துவிட்டால் எங்கே போவார், யார் வந்து அழைத்துப் போவார், தம்பதியில் ஒருவர் போனால் மற்றவர் தொடரலாமா, இதெல்லாமும் அதில் இருக்கட்டும். கேட்க அபசகுனமாகத் தெரியும். அங்கே யாரும் அப்படி எடுத்துக்கொள்வதில்லை. நம்ம தெருவில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் வெள்ளையடித்து, ஐயரை வைத்துப் புண்ணியாகவாசனம் செய்து, ஆறு மாதம் காத்திருந்தாலும் வாடகைக்கு வருகிறவர் முகம் சுளிப்பார். அங்கே அடுத்து வந்த அம்மாள் அதைக் கேட்டுவிட்டு, 'கீசர் வேலை செய்யுதா?' என்றுதான் கேட்டார்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கோவைப் பக்கத்துக் குடியிருப்புகள் பலவற்றில் சமையலறை சுத்த சைவம், சிலவற்றில் வீட்டுக்குள்ளும் அசைவம் சமைக்கக் கூடாது. காசிமேட்டு மீன் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை விடியாத குடும்பமா உங்களுடையது? எங்களுடையது அப்படித்தான். அம்மா முதல் மூணு மாதம் தினமும் போனில் அதை ஒரு முறையாவது சொல்வார். நான் போகும்போதெல்லாம் நெத்திலிக் கருவாடு கேட்பார், கொண்டுபோகவும் முடியாது. உங்களுக்கு இன்னொன்றும் இருக்கிறது: ரயில்வே ஓய்வூதியருக்குப் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரி கூப்பிடு தூரத்தில் இருப்பது சின்ன விஷயம் இல்லை. அதை விட்டு 500 கிலோமீட்டர் தள்ளிப் போகிறீர்கள். அதனால் வாங்கும் முன் நீங்கள் இருவரும் அங்கே வாடகைக்கு ஒரு மாதம் இருந்து பாருங்கள். பல இடங்களில் விருந்தினர் அறை தருவார்கள். சித்திரை வெயிலில் ஒரு வாரமாவது அதில் சேரட்டும். இருக்கும் நாட்களில் ராத்திரி ஏழரை மணிக்கு ஒரு சுற்று நடந்து, எத்தனை வீட்டில் விளக்கு எரிகிறது என்று எண்ணுங்கள். விற்பனை அலுவலகத்தில் சொல்லும் எண்ணிக்கையைவிட அது நம்பகமானது. இருட்டாக இருக்கும் ஒவ்வொரு வீடும் வாடகைக்கு உங்களோடு போட்டி போடும் வீடாக இருக்கலாம்.

கடைசியாக, மகன் பெயரில் எழுதுவது. எழுதலாம், தடையில்லை. ஆனால் அவருக்கு 29 வயது என்கிறீர்கள். அந்த வீட்டில் அவர் குடியிருக்க இன்னும் 26 வருஷம் ஆகும். அதுவரை உங்களுக்குப் பின் வாடகைக்கு விடுவதும் விற்பதும் தவிர அவருக்கு வேறு வழியில்லை, பராமரிப்பு பில் மட்டும் மாதாமாதம் வரும். துபாயில் இருக்கிறார் என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். வெளிநாட்டில் இருப்பவருக்கு வாடகை தருகிறவர் மாதாமாதம் வரி பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். 75 வயதுப் பெரியவர் யாரும் அந்த வேலைக்கு இசையமாட்டார், வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விடுவார். உங்கள் பெயரிலும் மனைவி பெயரிலும் கூட்டாகப் பதிவு செய்து, மகனுக்கு ஓர் உயில் எழுதி வையுங்கள். உயிலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வது கட்டாயம் இல்லை, ஆனாலும் செய்துவிடுங்கள்.